மொத வீட்டக்கா

அவளைப் பற்றி எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுத வேண்டும். என்னைவிட இருபது வயதாவது மூத்தவள். நேரில் ஒருநாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. 'வாங்கக்கா', 'சொல்லுங்கக்கா' என்றுதான் பேசியிருக்கிறேன். இப்போது உயிரோடும் இல்லை. ஆனாலும் 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை.

ஆத்தோரத்தில் எல்லோரும் அவளை மொத வீட்டக்கா என்று கூப்பிடுவார்கள். அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அந்த இடத்துக்கு முதலில் வந்து குடிசை போட்டவள் தான்தான் என்பாள். அதைச் சொல்லாமல் அவளுக்கு ஒரு பொழுது அடையாது.

கல்யாணமாகித் தலவாக்கலைப் பக்கத்திலிருந்து நான் அங்கே வந்தது தொண்ணூற்றிரண்டில். வந்த மறுநாள் காலை குடத்தை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனேன். மேட்டு ஊற்றிலிருந்து மூங்கில் பிடித்துத் தண்ணீரை இறக்கியிருந்தார்கள். அத்தனை வீட்டுக்கும் அந்த ஒரு பீலிதான். பீலியடியில் ஆள் இல்லை. தண்ணீர் சும்மா கொட்டிக்கொண்டிருந்தது. குடத்தை வைக்கக் குனிந்தபோது பக்கத்துப் பாறையில் உட்கார்ந்திருந்தவள், யாரு வீடு என்று கேட்டாள். நெட்டையான ஒல்லி உடம்பு. தலையில் துவாய். இடுப்பில் கொழுந்தெடுக்கிறவர்கள் கட்டுகிற படங்குச் சாக்கு. அவள் கொழுந்தெடுத்து இருபது வருடத்துக்கு மேலாகிறது என்பதும், ஆனாலும் அந்தச் சாக்கை அவிழ்க்கமாட்டாள் என்பதும் பிறகு தெரிந்தது.

"செல்வராசா வீடுங்க."

"அப்ப பத்தொம்பது. பதினொண்ணும் பதினாலும் இன்னும் வரல. அவங்க புடிச்சப் பொறகு புடி."

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து வந்து என் குடத்தைக் காலால் ஓரத்துக்கு நகர்த்திவிட்டுத் திரும்பப் பாறையில் உட்கார்ந்துகொண்டாள். பதினோராம் வீட்டுப் பெண் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு ஆடி அசைந்து வரும்வரைக்கும், அவளுக்குப் பிறகு பதினாலாம் வீட்டுக் கிழவர் வாளியோடு வரும்வரைக்கும் நான் நின்றேன். அத்தனை நேரமும் தண்ணீர் யாருக்கும் உதவாமல் சரிவில் ஓடி ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. புதுப்பெண் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் நான் நிற்பதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர் கினிகத்தேனையில் ஒரு பேக்கரியில் வேலை செய்தார். மாவு படிந்த சட்டையோடு அடுப்படியில் குந்தியிருந்து எனக்கு விளக்கம் சொன்னார். அவருடைய அம்மா ஆத்தோரத்துக்கு வந்தபோது ஐந்தாவது வீடாக வந்திருக்கிறார். அம்மா இறந்த பிறகு இவர் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு வருடம் கொழும்பில் வேலைக்குப் போனார். திரும்பி வந்து கதவைத் திறந்த அன்று மொத வீட்டக்கா வாசலில் வந்து நின்று, பூட்டிட்டுப் போன வீடு வீடில்ல, தொறந்த அன்னிக்குத்தான் நீ வந்த என்று சொல்லிவிட்டாளாம். அன்றிலிருந்து எங்கள் வீடு பத்தொன்பது. கடைசி.

"அந்தம்மா சட்டம் அப்படி" என்றார். இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார். அந்த மனுசனிடம் எனக்குக் கோபம் வந்த முதல் நாளும் அதுதான்.

அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அவளுடைய அதிகாரம் விளங்கும். றொசல்லவிலிருந்து இறங்கும் மலையில் தேயிலை ஒரு கானோடு, மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலோடு, முடியும். கானுக்குக் கீழே மூங்கிலும் மானாப்புல்லும் மண்டிய சரிவு. அதற்குக் கீழே ஆறு. அந்தச் சரிவில்தான் பத்தொன்பது வீடும். தோட்டத்தில் கேட்டால் எங்கள் எல்லை கானோடு சரி என்பார்கள். பிரதேச சபையில் கேட்டால் தோட்டத்துப் பக்கம் எங்களுக்கு வேலை இல்லை என்பார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கத்துச் சிங்களவர்கள் ஆற்றோரம் என்கிற அர்த்தத்தில் அதை ஓயபொட என்றார்கள். தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள் எங்களை வெளியாளுங்க என்றார்கள். பெயர்ப் பலகை இல்லை, வரைபடத்தில் இல்லை. கடிதம் வந்தால் கினிகத்தேனையில் ஒரு சில்லறைக் கடை விலாசத்துக்குத்தான் வரும். வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஓரிடத்திலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்கள். சிலருக்குத் தோட்டத்துப் பேரேட்டில் பேர் வெட்டியிருந்தார்கள். சிலருக்குக் கலவரத்தில் லயம் எரிந்திருந்தது. ஒருவரிடமும் காணித் துண்டு, உறுதி, பத்திரம் எதுவும் கிடையாது.

காகிதம் இல்லாத இடத்தில் ஞாபகம் வைத்திருக்கிறவள்தான் ராணி. அவளுக்கு அந்த ஞாபகம் இருந்தது. எந்த வீடு எந்த மழைக்கு வந்தது, எந்தப் பக்கமாக இறங்கியது, என்ன சுமந்து வந்தது எல்லாம் சொல்வாள். "மூணாவது வீடா? மாவு கெடைக்காத வருசம், ஐப்பசி, ரெண்டு சாக்கு, ஒரு ஆட்டுக்குட்டி, குளிர்ல பேச்சு வராத ஒரு பொம்பள." இதை மூன்றாம் வீட்டுக்காரர்களின் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொல்வாள். பெண் கேட்டு வந்தவர்கள் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போன கதையும் உண்டு. பொய் சொல்ல மாட்டாள். எதை எப்போது சொன்னால் நோகும் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அவளோடு சரிக்குச் சரி பேசக்கூடிய ஒரே ஆள் இரண்டாம் வீட்டு தெரேசா அக்கா. வேதக்காரர். தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போவார். மொத வீட்டக்கா எப்படி வந்தாள் என்பதை அவர்தான் எனக்குச் சொன்னார். தோட்டத்தில் ஏதோ தகராறில் அவள் புருசனுக்கு வேலையை நிறுத்துகிற பத்துச்சீட்டு கொடுத்து, சாமான்களை வெளியே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேரும் சரிவில் இறங்கிப் புல்லை வெட்டிக் குடிசை போட்டார்கள். தோட்டத்துக் காவல்காரர்கள் வந்து பிய்த்துப் போட்டார்கள். மறுபடி போட்டார்கள். மறுபடி பிய்த்தார்கள். மூன்றாவது முறைக்குப் பிறகு புருசன் இந்தியாப் பாஸ்போட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். போகும்போது அவளையும் கூப்பிட்டிருக்கிறார். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். அவர் கப்பலேறிய மாதத்தில் நாலாவது குடிசையைத் தனியாகப் போட்டாள். அது நின்றது.

இதைக் கேட்டு நான் இரக்கப்பட்டேனா என்றால், இல்லை. அடுத்த நாள் காலையும் நான் கடைசியில்தான் நின்றேன்.

தொண்ணூற்றாறில், வைகாசி மழையில், ஒரு குடும்பம் இறங்கி வந்தது. வட்டவளைப் பக்கம் எங்கோ லயத்துக்குப் பின்னால் மண் சரிந்து அவர்கள் குடியிருந்த காம்பரா போய்விட்டதாம். புருசன், பெண்சாதி, இடுப்பில் ஒரு பிள்ளை, வயிற்றில் ஒன்று. எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் நாலு கம்பு நட்டு நீலப் பொலித்தீனைக் கட்டினார்கள். நான் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கினாள். கொடுக்கும்போது என் மனதில் ஓடியதை இங்கே சொல்லிவிடுகிறேன். இவர்கள் இருந்தால் இருபது. நான் கடைசி இல்லை.

பொழுது சாய்வதற்குள் அவள் வந்தாள். சத்தம் போடவில்லை. அந்த ஆளிடம், எந்தத் தோட்டம், பேர் பதிந்திருக்கிறதா என்று விசாரித்தாள். பதிந்திருக்கிறது என்றார். "பேர் இருக்கில்ல? அப்ப ஒனக்கு காம்பரா குடுக்க ஒரு தொர இருக்காரு. அங்க போயி வாசல்ல ஒக்காரு. இங்க ஒக்காராத" என்றாள். பிறகு ஒவ்வொரு கம்பாகப் பிடுங்கி, ஒடிக்காமல், கவனமாகச் சேர்த்துக் கட்டி அவர் கையில் கொடுத்தாள். பொலித்தீனை மடித்துக் கொடுத்தாள். பத்தொன்பது வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்று பார்த்தோம். மழை பெய்துகொண்டிருந்தது. அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அவளுக்காக வாயைத் திறந்திருக்கலாம். ரொட்டிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அவர்கள் ரோட்டுக்கு ஏறிப் போனார்கள். எங்கே போனார்கள் என்று தெரியாது. "எடம் இருக்குன்னு விட்டா தோட்டமே எறங்கி வந்துரும். அப்பறம் தொர வருவான், எல்லாத்தையும் சேத்து வெரட்டுவான்" என்று அவள் அடுத்த நாள் பீலியில் சொன்னாள். யாரும் கேட்காமலே சொன்னாள். அவள் தன் செய்கைக்குக் காரணம் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

என் கணவர் அவளை வெறுக்கமாட்டார். எனக்கு அது பெரிய எரிச்சல். ஒருநாள் நான் அவளைப் பற்றி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தபோது ஒரு சம்பவம் சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தோட்டத்துக் காவல்காரர்கள் அவருடைய அம்மாவின் குடிசையைப் பிய்க்க வந்திருக்கிறார்கள். புருசன் இல்லாத பொம்பளை, கேட்க ஆளில்லை. மொத வீட்டக்கா வந்து வாசல் நிலையில் குறுக்கே உட்கார்ந்துகொண்டாளாம். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்கவில்லையாம். வந்தவர்களிடம், "இங்கருந்து ஆள வெரட்டுறதுன்னா நான் வெரட்டுவேன். நீங்க யாரு?" என்று கேட்டாளாம். அவர்கள் போனதும் எழுந்து, இவருடைய அம்மாவிடம், ஒழுங்கா இருந்தா இரு, இல்லாட்டி நானே பிச்சுப் போடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாளாம்.

அப்படியானவள் உங்களை எப்படிப் பத்தொன்பது ஆக்கினாள் என்று கேட்டேன்.

பிறகு ஒரு பெருவெள்ளம் வந்தது. எங்கள் பக்கத்து மழையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் துணி காயாது. அந்த வருடம் பன்னிரண்டு நாள் விடவில்லை. ஆற்று வளைவில் இருந்த மூன்று வீடு ஒரு பகலில் போயின. உயிர்ச்சேதம் இல்லை. அந்த வளைவில் வீடு போடாதே என்று அவள் அந்த மூன்று பேருக்கும் அந்தக் காலத்திலேயே சொல்லியிருந்தாளாம். வீடு இழந்து நனைந்து நின்றவர்களிடம் அதைத்தான் முதலில் ஞாபகப்படுத்தினாள். அவளுடைய வீடு தண்ணீர் எட்டாத பாறைத் திட்டில் இருந்தது. முதலில் வந்தவள், நல்ல இடம் பார்த்துப் போட்டிருந்தாள்.

வெள்ளத்தைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்கள். எங்கள் சரிவில் அரசாங்க ஜீப்பிலிருந்து ஆள் இறங்கியது அதுதான் முதல் தடவை. கானுக்கு மேலே தரிசாகக் கிடந்த பழைய தேயிலையில் ஆளுக்குப் பத்துப் பேர்ச் நிலம் கொடுத்து வீடு கட்டவும் உதவுவதாகச் சொன்னார்கள். ஆனால் ஒரு வருடத்தைக் கோடாகக் கிழித்திருந்தார்கள். அந்த வருடத்துக்கு முன்னால் வந்து தொடர்ந்து இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். பிந்தி வந்தவர்கள் ஆற்றோரத்தை விட்டு எழும்பிவிட வேண்டும், எங்கே என்பது அவரவர் பாடு. காகிதம் இல்லாததால் விசாரணை வைத்து, ஊரில் மூத்தவரைக் கேட்டு முடிவு செய்வோம் என்றார்கள்.

மூத்தவள் யார் என்று கிராம சேவகருக்குக்கூடத் தெரியும்.

விசாரணைக்கு முந்திய மூன்று வாரமும் அவள் வீட்டுக்குப் போகாத ஆள் இல்லை. ஒருத்தர் கருவாடு கொண்டுபோனார். ஒருத்தர் பலாப்பழம் சுமந்து போனார். பதினாலாம் வீட்டுக் கிழவர் காலில் விழுந்தார் என்று கேள்விப்பட்டேன். எதையும் அவள் வாங்கவில்லை. என் கணவரும் போனார். அம்மா காலத்திலிருந்தே எங்கள் அடுப்பு இங்கேதான் எரிந்தது என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ரெண்டு வருசம் யாரு அடுப்பு எரிஞ்சிச்சு என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

கடைசியாக நான் போனேன். அவள் விறகு பிளந்துகொண்டிருந்தாள். எனக்கு இரண்டு பிள்ளைகள் இருப்பதையும், தலவாக்கலையில் என் அப்பா வீட்டில் அண்ணன் குடும்பமே நெருக்கிப் படுப்பதையும் சொன்னேன். போக்கிடம் இல்லை என்றேன். அவள் கோடரியை நிறுத்தவில்லை.

"நான் உள்ளதத்தான் சொல்லுவேன். ஒனக்காக ஒரு வருசத்த நகத்த ஏலாது."

"உள்ளது என்னன்னு நீங்கதானேக்கா முடிவு பண்றீங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். ஆமா என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் அதைச் செய்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கிற ஆயாவாக இருந்தேன். அங்கே வருகிற கிளாக்கர் ஐயா வயதானவர், பேச்சுக் கொடுத்தால் பேசுவார். விசாரணையைப் பற்றிப் பேச்சு வந்தபோது, மொத வீட்டக்காவின் பேரைப் பழைய பேரேட்டில் பார்த்த ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். அவளையும் புருசனையும் விரட்டிய பிறகும் யாரோ அவர்கள் பேரை வெட்டாமல் பல வருடம் வைத்திருந்திருக்கிறார்கள். ஆள் இல்லாமல் பேர் மட்டும் இருப்பது அந்தக் காலத்தில் நடக்கிறதுதான் என்று சிரித்தார். பேரேட்டின்படி அவள் கோடு கிழித்த வருடத்துக்குப் பிறகும் லயத்தில்தான் இருக்கிறாள்.

அந்தப் பேரேட்டைக் கொண்டுவந்து விசாரணையில் காட்ட முடியுமா என்று நான் கேட்டேன். ஏன் என்று கேட்டார். உண்மை தெரியட்டுமே என்றேன்.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் விசாரணை நடந்தது. செயலகத்திலிருந்து வந்த அதிகாரி ஒரு யாழ்ப்பாணத்து மனிதர். நல்லவர். எல்லோரையும் பிள்ளைகள் உட்காருகிற வாங்கில் உட்காரச் சொன்னார். கிராம சேவகர் பக்கத்தில் இருந்தார். மொத வீட்டக்கா அன்றைக்கும் படங்கைக் கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். முன்னால் நின்று, ஒரு தடவைகூடத் தடுமாறாமல், பத்தொன்பது வீட்டையும் வரிசையாகச் சொன்னாள். யார், எங்கிருந்து, எந்த மழைக்கு. கோட்டுக்கு முந்தி ஏழு வீடு, தன்னையும் சேர்த்து. மற்றப் பன்னிரண்டும் பிந்தி. எங்களை அவள் கடைசியாகச் சொன்னாள். இருந்துட்டுப் போயி திரும்பி வந்தவங்க என்றாள். அதிகாரி எழுதிக்கொண்டார். கடைசி வாங்கிலிருந்து ஒரு பெண் விசும்பும் சத்தம் மட்டும் கேட்டது.

அப்போது கிளாக்கர் ஐயா பேரேட்டோடு எழுந்தார்.

அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு தரம் படித்தார். மொத வீட்டக்காவிடம் கேட்டார். பேர் இருந்திச்சு, நான் இருக்கல என்றாள். அதற்கு ஏதாவது அத்தாட்சி உண்டா என்று கேட்டார். பத்துச்சீட்டு இருந்தது, முதல் குடிசையைப் பிய்த்தபோது மழையில் போய்விட்டது என்றாள். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"இந்த அம்மா அந்தக் காலத்திலை ஆத்தங்கரையிலை இருந்தவ எண்டு ஆராவது சொல்லுவியளோ? ஒரு ஆள் சொன்னாலும் போதும்."

அவள் திரும்பி நின்றாள். எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். கெஞ்சிப் பார்க்கவில்லை. பீலியில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்ப்பாளே, அப்படித்தான் பார்த்தாள்.

அந்த நேரத்தில் அத்தனை பேருக்கும் ஒரு விசயம் விளங்கிவிட்டது. அவள் அப்போது அங்கே இல்லை என்றால் யார் எப்போது வந்தார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் சாட்சி செல்லாது. செல்லாவிட்டால் பன்னிரண்டு வீடும் தப்பும். முன்னுக்கு இருந்த ஆறு வீட்டுக்காரர்களுக்கும் அந்தப் பன்னிரண்டில் மகள் இருந்தாள், தம்பி இருந்தான், மச்சான் இருந்தான். தெரேசா அக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் இரண்டாவது வீடு. அவர் வந்த அன்று அவருக்கு நெருப்பு கொடுத்தது மொத வீட்டக்காதான் என்று அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

என் கணவர் எழும்பப் பார்த்தார். வாங்கு கிரீச்சிட்டது. நான் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக் கீழே அழுத்தினேன். என்னைப் பார்த்தார். பிள்ளைகளை நினைங்க என்று உதட்டை மட்டும் அசைத்தேன். அவர் உட்கார்ந்தார்.

அதிகாரி பேனாவைத் திரும்பத் திறந்தார். பிறகு, அப்படியெண்டால் அவவின்ரை வாக்குமூலத்தை எடுக்கேலாது என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு இரண்டு சாட்சி வைத்துப் பதியலாம் என்றார். ஒருவருக்கொருவர் சாட்சி சொன்னோம். கோட்டுக்கு ஐந்து வருடம் பிந்தி வந்தவருக்குக்கூட இரண்டு பேர் கை தூக்கினார்கள். பொழுது சாய்வதற்குள் பதினெட்டு வீடு பதிவாகிவிட்டது. அவள் அதற்கு முன்பே வெளியேறிப் போய்விட்டிருந்தாள்.

அடுத்த வருடம் நாங்கள் மேலே போனோம். சுவர் எழுப்பி, தகரம் போட்டு, குழாய்த் தண்ணீர் வந்தது. கீழே அவள் மட்டும் இருந்தாள். ஆற்றோரத்தை விட்டு எழும்பும்படி அவளுக்குச் சொன்னார்கள், எழும்பவில்லை. ஒரு ஆளுக்காக யாரும் வந்து பிய்க்கவும் இல்லை. விறகு வெட்டிக் கினிகத்தேனை சாப்பாட்டுக் கடைகளுக்குச் சுமந்தாள். எங்கள் வீடுகளுக்கு ஊடாகத்தான் ரோட்டுக்கு ஏற வேண்டும். யாரோடும் பேச மாட்டாள். நாங்களும் பேசவில்லை. வெட்கத்தில் பேசவில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மையில் நிம்மதியாக இருந்தது. பீலியடியில் அவள் முன்னால் நிற்க வேண்டாத காலை நேரங்கள் எனக்கு இனித்தன.

இரண்டு வருடம் கழித்து அதே யாழ்ப்பாணத்து அதிகாரி வேறு வேலையாக வந்தபோது, விடுபட்டவர்கள் இருந்தால் இரண்டு பேர் கையெழுத்தோடு மனுக் கொடுக்கலாம் என்றார். என் கணவர் அன்றைக்கே எழுதினார். தன் கையெழுத்தைப் போட்டுவிட்டு என் முன்னால் வைத்தார். நானும் போட்டேன். நீயே கொண்டுபோய்க் கொடு என்றார்.

அவள் வாசலில் வாழைத்தார் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். காகிதத்தைக் கொடுத்து விசயத்தைச் சொன்னேன். வாங்கி, தலைகீழாகவா நேராகவா என்று பார்க்காமல், அப்படியே திருப்பிக் கொடுத்தாள். இதில் உங்கள் பேர்தான் இருக்கிறது, நீங்கள் முதலில் வந்தவர் என்றுதான் எழுதியிருக்கிறோம் என்றேன்.

"கிளாக்கரக் கூட்டியாந்தது நீன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லையாம்.

"இவங்க அம்புட்டுப் பேர்லயும் அப்புடி ஒண்ணு செய்யத் தெரிஞ்சவ வேற யாரு? நீ வந்த மொத நாளே பாத்தேன். குடத்த நகத்துனப்ப ஒன் மொகத்தப் பாத்தேன். நீ எங்கயும் பொழச்சுக்குவ. ஒனக்கு என் மனசு."

திட்டவில்லை அவள். சத்தியமாகத் திட்டவில்லை. பாராட்டுகிறவர்களின் குரலில் சொன்னாள். அதற்குப் பிறகு வாழைத்தாரைத் தோளில் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி மேட்டில் ஏறிப் போய்விட்டாள். நான் அந்தக் காகிதத்தோடு அங்கேயே நின்றேன். வீட்டுக்கு வந்து, அவங்க வேணாம்னுட்டாங்க என்று மட்டும் சொன்னேன். மற்றதை இன்றுவரைக்கும் என் கணவரிடம் சொல்லவில்லை.

காணிப் பத்திரம் வர மேலும் மூன்று வருடமாயிற்று. பள்ளிக்கூட மைதானத்தில் மேடை போட்டு, மாலை போட்டு, ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் என் கணவர் பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, வாசித்துக் காட்டச் சொன்னார். தமிழில்தான் இருந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், பத்துப் பேர்ச். பிறகு நான்கு எல்லை. வடக்கே தேயிலைக் காணி. கிழக்கே பக்கத்து வீட்டுக்காரர் காணி. மேற்கே பொதுவழி. தெற்கே, 'ஆட்குடியிருப்பற்ற ஆற்றோரக் காணி.'

தெற்கே என்ன என்று திரும்பக் கேட்டார். திரும்ப வாசித்தேன்.

படியிலிருந்து பார்த்தால் சரிவு முழுக்கத் தெரியும். நாங்கள் விட்டுவந்த வீட்டுத் தரைகளில் மானாப்புல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதற்குக் கீழே, மூங்கிலுக்கு ஊடாக, அவள் அடுப்புப் புகை ஏறிக்கொண்டிருந்தது. ஈர விறகு போட்டிருப்பாள் போல. புகை வெள்ளையாக, கனமாக, கலையாமல் நின்றது.

"அப்ப அங்க எரியிறது யாரு அடுப்பு?" என்று கேட்டார்.

நான் அவர் கையிலிருந்த உறையை வாங்கிப் பத்திரத்தை மடிப்புக் கலையாமல் உள்ளே வைத்தேன். எழுந்து போய் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். திரும்பி வந்தபோது அவர் இன்னும் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தார். நான் பின்கதவைச் சாத்திவிட்டுச் சோறு வைக்கப் போனேன்.